நம்ம எம்.பி. எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டார்? புதுச்சேரியின் ஒற்றை இடமும் ஏட்டில் ஏறாத வாக்குகளும்

புதுச்சேரிக்கு மக்களவையில் இருப்பது ஒரே ஒரு இடம். புதுச்சேரி, காரைக்கால், கேரளக் கரையில் ஒட்டிக்கிடக்கும் மாஹே, காக்கிநாடா பக்கம் கோதாவரிக் கரையில் இருக்கும் ஏனாம் என்று நான்கு துண்டுகள், 30 சட்டமன்றத் தொகுதிகள், 2024 தேர்தல் கணக்கில் 10 லட்சத்துக்குச் சற்றுக் கூடுதலான வாக்காளர்கள், எல்லாருக்கும் சேர்த்து ஓர் எம்.பி. தமிழ்நாட்டுத் தலைவர்கள் தேர்தலுக்குத் தேர்தல் "நாற்பதும் நமதே" என்று முழங்குவார்களே, அதில் 39 அவர்களுடையது, நாற்பதாவது நாம்.

தேர்தல் வந்தால் "அஞ்சு வருஷமா எம்.பி. என்ன செஞ்சாரு?" என்ற கேள்வி எல்லாத் தெருவிலும் எழும். பதிலாக வருவது பெரும்பாலும் உயர்கோபுர விளக்கு, பஸ் நிறுத்த நிழற்குடை, சமுதாய நலக்கூடம். இவையெல்லாம் ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதியிலிருந்து வருபவை. அந்தத் திட்டமே 1993-இல்தான் தொடங்கியது, கொரோனா காலத்தில் ஒன்றரை வருடத்துக்கு மேல் நிறுத்தியும் வைத்தார்கள். அது எம்.பி.யின் வேலையில் ஓரமாக ஒட்டியிருக்கும் ஒரு துண்டு. அவரை டெல்லிக்கு அனுப்புவது சட்டம் செய்ய, அதாவது ஒரு மசோதா வந்தால் ஆம் அல்லது இல்லை என்று சொல்ல. அதை எப்படிச் சொன்னார் என்று எந்தச் சுவரொட்டியிலும் இருக்காது. சுவரொட்டி கிடக்கட்டும், நாடாளுமன்ற ஏட்டிலேயே பாதி நேரம் இருக்காது. அது ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஆளைப் பார்ப்போம். வெ. வைத்திலிங்கம், காங்கிரஸ். அப்பா வெங்கடசுப்பா ரெட்டியார் சுதந்திரப் போராட்டக்காரர், அறுபதுகளில் இங்கே முதலமைச்சராக இருந்தவர். மகன் நெட்டப்பாக்கம் தொகுதியில் பலமுறை ஜெயித்தார். 1991 முதல் 1996 வரை முதலமைச்சர். 2008-இல் ரங்கசாமியைக் கட்சி மேலிடம் இறக்கியபோது மறுபடியும் முதலமைச்சராகி 2011 வரை இருந்தார். இறக்கப்பட்ட ரங்கசாமி தனிக்கட்சி கண்டு, அதே 2011-இல் ஆட்சியைப் பிடித்தது எல்லாருக்கும் தெரிந்த கதை. தொகுதி மறுவரையறையில் நெட்டப்பாக்கம் தனித்தொகுதி ஆகிவிட, வைத்திலிங்கம் காமராஜ் நகருக்கு வந்தார். 2016-இல் சட்டமன்ற சபாநாயகர். அந்தப் பதவியை விட்டுவிட்டு 2019-இல் மக்களவைக்கு நின்று 1,97,025 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். 2024-இல் எதிரே நின்றவர் பாஜகவின் நமச்சிவாயம், அப்போது புதுச்சேரியின் உள்துறை அமைச்சர், அதற்கும் முன்னால் இதே காங்கிரஸின் மாநிலத் தலைவர். அந்தத் தேர்தலிலும் வைத்திலிங்கம்தான், வித்தியாசம் 1,36,516.

சபாநாயகர் காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதன் வால் இன்னும் ஆடுகிறது. 2017 ஜூலையில் மத்திய அரசு மூன்று பாஜகவினரைப் புதுச்சேரி சட்டமன்றத்துக்கு நியமன உறுப்பினர்களாக அறிவித்தது. அன்றைய நாராயணசாமி அரசைக் கேட்கவில்லை. துணைநிலை ஆளுநர் கிரண் பேடி ராஜ் நிவாஸிலேயே பதவிப்பிரமாணம் செய்துவைத்தார். சபாநாயகர் வைத்திலிங்கம் அவர்களை ஏற்க மறுத்து, சட்டமன்றத்துக்குள் விடவில்லை. வழக்கு உச்சநீதிமன்றம் வரை போனது. 2018 டிசம்பரில் நியமனம் செல்லும், மாநில அமைச்சரவையைக் கேட்க வேண்டிய கட்டாயம் மத்திய அரசுக்கு இல்லை என்று தீர்ப்பு வந்தது. அந்த மூவரில் ஒருவர் செல்வகணபதி. 2021-இல் போட்டியின்றி மாநிலங்களவைக்குப் போனாரே, அவரேதான். ஆக, ஒருவரைச் சட்டமன்றத்துக்குள் விட மறுத்தவரும் விடப்படாதவரும் டெல்லியில் ஆளுக்கொரு அவையில் நம் பிரதிநிதிகள். முக்கியமான மசோதாக்கள் பலவற்றில் இந்த இருவரின் கட்சிகளும் எதிரெதிர்ப் பக்கம்தான். அவை வேறுவேறு என்பதால் நேருக்கு நேர் கழித்துக்கொள்ள முடியாது, அவ்வளவுதான்.

சரி, வாக்குக்கு வருவோம்.

மக்களவையில் ஒரு மசோதா நிறைவேறும் விதத்தை டிவியில் பார்த்திருப்பீர்கள். சபாநாயகர் கேட்பார், ஆதரிப்பவர்கள் ஆம் என்பார்கள், எதிர்ப்பவர்கள் இல்லை என்பார்கள், எது ஓங்கி ஒலித்ததோ அதை வைத்து "நிறைவேறியது" என்று முடித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். இதுதான் குரல் வாக்கெடுப்பு. இதில் எண்ணிக்கையும் கிடையாது, பெயரும் கிடையாது. நாடாளுமன்றத்தில் பெரும்பாலான சட்டங்கள் இப்படித்தான் நிறைவேறுகின்றன. உங்கள் எம்.பி. தொண்டை கிழிய இல்லை என்று கத்தினாரா, பக்கத்து இருக்கைக்காரரோடு பேசிக்கொண்டிருந்தாரா, அந்த நேரம் கேன்டீனில் இருந்தாரா, எதையும் ஏட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது.

சபாநாயகரின் முடிவை யாராவது ஏற்காமல் டிவிஷன், அதாவது வாக்குகளை எண்ணும் வாக்கெடுப்பு, கேட்டால்தான் கதை மாறும். மணி அடிக்கும், வெளியே இருக்கும் உறுப்பினர்கள் ஓடிவர மூன்றரை நிமிடம், பிறகு கதவுகள் சாத்தப்படும். இருக்கை முன்னால் இருக்கும் விசையை ஒரு கையால் அழுத்திக்கொண்டே மறுகையால் பச்சை, சிவப்பு, மஞ்சள் பொத்தான்களில் ஒன்றை அழுத்த வேண்டும். பச்சை ஆதரவு, சிவப்பு எதிர்ப்பு, மஞ்சள் நடுநிலை. இரண்டு கையும் வேலையாக இருப்பதால் பக்கத்து இருக்கைக்காரருக்கும் சேர்த்து ஓட்டுப் போட்டுவிட முடியாது, அதற்கான ஏற்பாடுதான் அது. இயந்திரம் இல்லாவிட்டாலோ இருக்கை எண் ஒதுக்கப்படாவிட்டாலோ அச்சடித்த சீட்டு தருவார்கள். 2023 செப்டம்பரில் பெண்கள் இடஒதுக்கீட்டுத் திருத்தம் புதுக் கட்டடத்தில் சீட்டு வைத்துத்தான் நிறைவேறியது, ஆதரவு 454, எதிர்ப்பு 2. இப்படி எடுக்கும் வாக்குகள்தான் பெயரோடு அன்றைய விவாதப் பதிவில் அச்சாகும். நடுவில் இன்னொரு வழியும் விதியில் இருக்கிறது. டிவிஷன் தேவையில்லாமல் கேட்கப்படுகிறது என்று சபாநாயகருக்குத் தோன்றினால் இரு தரப்பையும் எழுந்து நிற்கச் சொல்லித் தலையை எண்ணிவிடலாம். அப்போதும் பெயர் பதிவாகாது.

டிவிஷன் கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும் என்றுதானே நினைப்போம். 2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் வேளாண் மசோதாக்கள் வந்தபோது திமுகவின் திருச்சி சிவா உள்ளிட்டோர் டிவிஷன் கேட்டார்கள். உறுப்பினர்கள் தங்கள் இடத்தில் இல்லை என்பதைக் காரணமாகச் சொல்லி, அவையை நடத்திக்கொண்டிருந்த துணைத் தலைவர் குரல் வாக்கெடுப்பிலேயே முடித்துவிட்டார். ஒரு வருடம் நாட்டையே உலுக்கிய போராட்டத்துக்குக் காரணமான சட்டங்கள், மாநிலங்களவையில் யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்ற பட்டியலே இல்லாமல் நிறைவேறின. 2021 நவம்பரில் அவற்றைத் திரும்பப் பெற்றபோது விவாதமே நடக்கவில்லை.

பட்டியல் இருந்தாலும் அதில் தெரிவது எம்.பி.யின் மனசா, கட்சியின் உத்தரவா? இங்கேதான் கொறடா வருகிறார், எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சி உறுப்பினர்களுக்கு உத்தரவு போடுபவர். 1985-இல் வந்த 52-ஆவது திருத்தம், அரசியலமைப்பின் பத்தாவது அட்டவணை, நாம் கட்சித் தாவல் தடைச் சட்டம் என்று சொல்வது. கட்சி உத்தரவுக்கு எதிராக வாக்களித்தாலோ, வாக்களிக்காமல் விலகி இருந்தாலோ பதவி போகலாம், கட்சி 15 நாளுக்குள் மன்னித்தால் தப்பிக்கலாம். அரசைக் கவிழ்க்கும் வாக்கெடுப்புக்கு மட்டும்தான் இது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. கொறடா உத்தரவு போட்டுவிட்டால் எந்தச் சாதாரண மசோதாவுக்கும் இதே கதிதான். கட்டுப்பாட்டை நம்பிக்கை வாக்கெடுப்பு, நிதி மசோதா போன்றவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று காங்கிரஸின் மணீஷ் திவாரி தனிநபர் மசோதாவை (அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவரும் மசோதா) ஒரு தடவைக்கு மேல் கொண்டுவந்து பார்த்துவிட்டார். தனிநபர் மசோதா எதுவும் 1970-க்குப் பிறகு இந்த நாட்டில் சட்டமானதில்லை என்பதால் அதன் தலைவிதி முன்பே தெரிந்ததுதான்.

குடியரசுத் தலைவர் தேர்தலுக்குக் கொறடா உத்தரவு போட முடியாது, அது ரகசிய வாக்கு. அங்கே எம்.பி.யின் வாக்குக்கு 2022 தேர்தலில் மதிப்பு 700, நம்ம ஊர் எம்.எல்.ஏ. ஒருவரின் வாக்குக்கு 16. நம் எம்.எல்.ஏ.க்களுக்கு அந்த உரிமை கிடைத்ததே 1992-இல் வந்த 70-ஆவது திருத்தத்தால்தான். முப்பது பேரும் சேர்ந்து 480, ஒற்றை எம்.பி.யை எட்ட முடியாது.

ஆகவே ஒரு எம்.பி.யின் "வாக்குப் பதிவு" என்று நாம் தேடிப் பிடிப்பது முக்கால்வாசி கட்சியின் பதிவு. அதைத் தெரிந்துகொண்டே 2019-க்குப் பிந்தைய பெரிய வாக்கெடுப்புகளைப் பாருங்கள். 2019 ஜூலையில் முத்தலாக் மசோதா மக்களவையில் 303-க்கு 82, காங்கிரஸ் எதிர்ப்பு. டிசம்பரில் குடியுரிமைத் திருத்தம் 311-க்கு 80, காங்கிரஸ் எதிர்ப்பு. 2023-இல் பெண்கள் இடஒதுக்கீடு, ஆதரவு. 2025 ஏப்ரலில் வக்ஃபு திருத்தம் 288-க்கு 232, எதிர்ப்பு. புதுச்சேரியின் இடம் காங்கிரஸிடம் இருப்பதால் புதுச்சேரியின் நிலைப்பாடும் இதுவே என்று எழுதிவிடலாம், எழுதுகிறார்கள். ஆனால் 2019 ஜூலையில் வந்த உபா (சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்பு) சட்டத் திருத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தனி ஆளையே பயங்கரவாதி என்று அறிவிக்க வழிசெய்த திருத்தம் அது. மக்களவையில் 287-க்கு 8. அந்த எட்டில் காங்கிரஸ் இல்லை, வெளிநடப்பு செய்துவிட்டார்கள். ஒரு வாரம் கழித்து மாநிலங்களவையில் அதே காங்கிரஸ் ஆதரித்து வாக்களித்தது. வெளிநடப்பு என்பது எதிர்ப்பா, நழுவலா? பட்டியலைப் பொறுத்தவரை அது வெற்றிடம். தமிழ்நாட்டுக் கட்சிகளுக்கும் இது கைவந்த கலை. முத்தலாக் மசோதாவை அதிமுகவின் ஒரே மக்களவை உறுப்பினர் ஆதரித்துப் பேசினார், மாநிலங்களவையில் அதே கட்சி வெளிநடப்பு செய்தது, அங்கே மசோதா 99-க்கு 84 என்று நிறைவேறியது.

மாநிலங்களவை இடத்தைப் பற்றி நம்ம ஊரில் யாரும் பேசுவதில்லை, மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை என்பதாலோ என்னவோ. ஆனால் சமீப காலத்தில் புதுச்சேரியின் ஒரு வாக்குக்கு நிஜமான எடை வந்த நாள் ஒன்று உண்டென்றால் அது 2019 டிசம்பர் 11, குடியுரிமைத் திருத்தம் மாநிலங்களவைக்கு வந்த நாள். முடிவு 125-க்கு 105. அதிமுகவுக்கு அன்றைக்கு அங்கே 11 பேர், அந்தப் பதினொன்றில் புதுச்சேரியின் இடமும் ஒன்று, 2015 முதல் 2021 வரை அது கோகுலகிருஷ்ணன் வசம் இருந்தது. பாமகவின் ஒரு வாக்கையும் சேர்த்தால் 12. இந்தப் பன்னிரண்டும் எதிர்ப்பக்கம் போயிருந்தால் 113-க்கு 117, மசோதா தோற்றிருக்கும். இந்தக் கணக்கைத் திமுக மேடைதோறும் போட்டுக் காட்டியது. இரண்டு மாதம் கழித்து, 2020 பிப்ரவரி 12 அன்று, புதுச்சேரி சட்டமன்றம் அதே சட்டத்துக்கு எதிராகத் தீர்மானம் போட்டது. மாநிலங்களவையில் இந்த ஊரின் இடத்தை வைத்திருந்த கட்சி ஆதரித்த சட்டம், மக்களவையில் இடத்தை வைத்திருந்த கட்சி எதிர்த்த சட்டம், ஊரின் சட்டமன்றமே வேண்டாம் என்ற சட்டம். இதில் எது "புதுச்சேரியின் வாக்கு" என்று நீங்களே சொல்லுங்கள்.

கொஞ்சம் பின்னால் போனால் ஒற்றை இடத்தின் சுவாரசியங்கள் இன்னும் கிடைக்கும். 1993 ஜூலையில் நரசிம்ம ராவ் அரசு நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை 265-க்கு 251 என்று தாண்டியது. ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சா எம்.பி.க்களுக்குக் காசு கொடுத்த வழக்கு பிறந்தது அந்த வாக்கெடுப்பில்தான். அப்போது நம்ம இடம் காங்கிரஸின் பாரூக்கிடம் இருந்தது. காரைக்கால்காரர், முப்பது வயது ஆவதற்குள் 1967-இல் இங்கே முதலமைச்சர் ஆனவர், கடைசியில் கேரள ஆளுநராக இருக்கும்போது 2012-இல் காலமானார். அந்த வழக்கில், காசு வாங்கிக்கொண்டு அவையில் வாக்களித்தவரைத் தண்டிக்க முடியாது என்று 1998-இல் வந்த உச்சநீதிமன்றத் தீர்ப்பு 2024 மார்ச்சில்தான் மாற்றி எழுதப்பட்டது. 1999 ஏப்ரல் 17, வாஜ்பாய் அரசு 269-க்கு 270 என்று ஒரே வாக்கில் கவிழ்ந்த நாள். புதுச்சேரியிலிருந்து போயிருந்தவர் திமுகவின் ஆறுமுகம், திமுக அன்றைக்கு வாஜ்பாய் பக்கம், அதாவது தோற்ற பக்கம். 2008 ஜூலையில் மன்மோகன் அரசு 275-க்கு 256 என்று பிழைத்தபோது இந்த இடம் பாமகவின் பேராசிரியர் ராமதாஸிடம் (கட்சி நிறுவனர் ராமதாஸ் வேறு), பாமக அரசின் பக்கம். 2014-இல் வென்ற ராதாகிருஷ்ணன் கதை வேறு. என்.ஆர். காங்கிரஸுக்கு மக்களவையில் அவர் ஒருவர்தான், அவையில் கட்சிக்குக் கொறடாவும் அவர்தான், கொறடா உத்தரவைக் கேட்க வேண்டிய உறுப்பினரும் அவர்தான்.

அரவிந்த பால பஜனோரை இன்றைக்கு எத்தனை பேருக்கு நினைவிருக்கும் என்று தெரியாது. எழுபதுகளில் அதிமுக சார்பில் புதுச்சேரி எம்.பி. 1979-இல் சரண் சிங் அமைச்சரவையில் சத்தியவாணி முத்துவோடு சேர்ந்து இடம்பெற்றார், திராவிடக் கட்சியிலிருந்து மத்திய அமைச்சரவைக்குப் போன முதல் இருவர் இவர்கள். ஆனால் சரண் சிங் மக்களவையைச் சந்திக்காமலேயே ராஜினாமா செய்துவிட்டதால், அமைச்சராக இருந்த அந்த அரசுக்கு ஆதரவாக ஒரு நம்பிக்கை வாக்குகூட அவர் போட வாய்ப்பில்லை.

2009-இல் இந்த இடத்தில் வென்ற நாராயணசாமி இதற்கு நேர் எதிர். பிரதமர் அலுவலக இணையமைச்சராக மசோதாக்களைச் சுமந்தவர். கூடங்குளத்தில் "இன்னும் 15 நாளில்" மின்சாரம் என்று திரும்பத் திரும்பச் சொல்லி ஊர் வாயில் விழுந்தது ஒரு பக்கம் இருக்கட்டும். லோக்பால் மசோதாவை 2011-இல் அவையில் தூக்கிப் பிடித்தது அவர்தான். டிசம்பர் 27 அன்று மக்களவையில் மசோதா நிறைவேறியது, கூடவே வந்த அரசியலமைப்புத் திருத்தம் தேவையான 273 வாக்கு கிடைக்காமல் விழுந்தது. இரண்டு நாள் கழித்து மாநிலங்களவையில் நள்ளிரவு நெருங்கும்போது, பேசிக்கொண்டிருந்த நாராயணசாமியின் கையிலிருந்த தாளை ராஷ்டிரிய ஜனதா தள உறுப்பினர் ஒருவர் பிடுங்கிக் கிழித்தார். அமளியில் வாக்கெடுப்பே நடக்காமல் அவை தள்ளிவைக்கப்பட்டது. சட்டம் வர இன்னும் இரண்டு வருடம் ஆனது.

ஊரைத் தொட்ட சட்டங்கள் எப்படிப் போயின என்று பார்த்தால் ஏமாற்றம்தான். கோரிமேட்டு ஜிப்மர் ஆஸ்பத்திரியைத் தன்னாட்சி நிறுவனமாக்கிய சட்டம் 2008-இல் நடைமுறைக்கு வந்தது. இலவச சிகிச்சை போய்விடுமோ, உள்ளூர்க்காரர்களுக்கு வேலை கிடைக்காதோ என்று ஊரில் பேசாத ஆள் கிடையாது. சுகாதார அமைச்சர் பாமகவின் அன்புமணி, புதுச்சேரி எம்.பி.யும் பாமக. கோரிமேட்டு ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் யாரையாவது அந்த மசோதாவில் உங்கள் எம்.பி. என்ன செய்தார் என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது. 2021 பிப்ரவரியில் நாராயணசாமி அரசு கவிழ்ந்து குடியரசுத் தலைவர் ஆட்சி வந்ததும், மார்ச்சில் புதுச்சேரி அரசின் செலவுக்கான இடைக்கால ஒப்புதலை நாடாளுமன்றமே கொடுத்தது. ரேஷன் அரிசிப் பணம், முதியோர் பென்ஷன், அரசு ஊழியர் சம்பளம் எல்லாம் அடங்கிய கணக்கு. அதற்கு மக்களவையில் கை உயர்த்த இந்த ஊர் தேர்ந்தெடுத்து அனுப்பிய ஆள் 543 பேரில் ஒருவர். பெண்கள் இடஒதுக்கீட்டைப் புதுச்சேரி சட்டமன்றத்துக்கும் நீட்டிக்க 2023 டிசம்பரில் தனியாக ஒரு சட்டம் வந்தது. நம்ம எம்.எல்.ஏ.க்களில் மூன்றில் ஒரு பங்கை மாற்றப்போகிற அந்தச் சட்டம் காஷ்மீர் மசோதாவோடு ஜோடியாகப் போனதால் இங்கே பலருக்கு அது வந்ததே தெரியாது.

அப்புறம், இணையத்தில் சுற்றும் மதிப்பெண் பட்டியல்கள். வருகை இத்தனை சதவீதம், கேள்விகள் இத்தனை, விவாதங்கள் இத்தனை என்று படம் போட்டு வரும். பிஆர்எஸ் போன்ற ஆய்வு அமைப்புகள் திரட்டும் அந்தத் தகவல் நல்ல தகவல்தான், வெட்டி ஒட்டுகிறவர்கள்தான் கெடுக்கிறார்கள். வருகை என்பது பதிவேட்டில் போடும் கையெழுத்து. போட்டுவிட்டுப் பத்து நிமிடத்தில் கிளம்பினாலும் அன்றைக்கு வந்த கணக்கு. அமைச்சர்கள் அதில் கையெழுத்துப் போடுவதில்லை, கேள்வி கேட்பதும் இல்லை, பதில் சொல்கிற இடத்தில் இருப்பவர்கள். அதனால் அமைச்சராக இருந்த நாராயணசாமியையும் இப்போதைய வைத்திலிங்கத்தையும் இந்தப் பட்டியலில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது அர்த்தமில்லாத வேலை. இந்த மதிப்பெண்களில் வாக்கு ஒரு கட்டமாகவே இருக்காது, காரணம்தான் மேலே பார்த்தோமே.

என்னைக் கேட்டால் எம்.பி.யின் சொந்தக் கணக்கில் எழுத வேண்டியவை மூன்றுதான்: அவர் கேட்ட கேள்விகள், கொண்டுவந்த திருத்தங்கள், டிவிஷன் கேட்டு எழுந்து நின்ற தருணங்கள். கேள்வியிலும் நட்சத்திரக் குறி போட்டதற்கும் போடாததற்கும் வித்தியாசம் இருக்கிறது. நட்சத்திரக் கேள்விக்கு அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும், துணைக்கேள்வி கேட்டு மடக்கலாம். ஒரு நாளைக்கு மக்களவையில் அப்படி 20 கேள்விகள்தான், அதிலும் நேரம் கிடைப்பது சிலவற்றுக்கு. மற்ற 230-க்கும் எழுத்தில் பதில் வந்துவிடும், அதிகாரி எழுதிய நாலு பத்தி. நூறு எழுத்துக் கேள்வி கேட்டவரைவிட ஒரு நட்சத்திரக் கேள்வியில் அமைச்சரை விழிபிதுங்க வைத்தவரை நான் மேலே வைப்பேன். நாடாளுமன்றத்தின் சன்சத் இணையதளத்தில் உறுப்பினர் பெயர் போட்டுத் தேடினால் கேள்வியும் பதிலும் அப்படியே கிடைக்கும், படிக்க நேரம்தான் வேண்டும்.

ஊர் இத்தனை வருடமாகக் கேட்கும் ஒன்று மாநில அந்தஸ்து. சட்டமன்றம் திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டு அனுப்பியாயிற்று, காங்கிரஸ் ஆட்சியிலும் போட்டார்கள், என்.ஆர். காங்கிரஸ் ஆட்சியிலும் போட்டார்கள். அதை வழங்கும் அரசு மசோதா எதுவும் நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்ததே இல்லை. வராத ஒன்றுக்கு எம்.பி. எப்படி வாக்களித்தார் என்ற கேள்விக்கே இடமில்லை. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி, 170 பேர் இந்தியாவோடு இணைய வேண்டும் என்றும் 8 பேர் வேண்டாம் என்றும் வாக்களித்தார்கள். இந்த ஊரின் தலைவிதியை இந்த ஊர்க்காரர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்தது அது. அதற்குப் பிறகு நம் சட்டமன்றம் எப்படி இருக்க வேண்டும், எத்தனை நியமன உறுப்பினர்கள், எவ்வளவு காலம் என்பதெல்லாம் 1963-இல் நாடாளுமன்றம் போட்ட யூனியன் பிரதேச அரசுச் சட்டத்தின் கையில். மாநிலச் சட்டமன்றங்களின் ஆயுள் அரசியலமைப்பிலேயே எழுதியிருக்கிறது, அதைத் தொட மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். நம்முடையதை மாற்றச் சாதாரணப் பெரும்பான்மை போதும்.

இது வெறும் சட்ட நுணுக்கம் இல்லை. 2024 டிசம்பர் 17 அன்று ஒரே நாடு ஒரே தேர்தலுக்கான 129-ஆவது திருத்த மசோதாவை அறிமுகம் செய்ய டிவிஷன் நடந்தது, 269-க்கு 198. புதுக் கட்டடத்தில் மின்னணு வாக்கெடுப்பு அன்றைக்குத்தான் முதன்முறை. வாக்களித்த 467 பேரில் மூன்றில் இரண்டு பங்கு 312, அது இல்லையே என்று எதிர்க்கட்சிகள் உடனே கணக்குச் சொன்னார்கள். அறிமுகத்துக்கு அது தேவையில்லை, நிறைவேற்றத்தான் தேவை. எல்லாரும் இந்த மசோதாவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தபோது அதோடு சேர்ந்து இன்னொன்றும் உள்ளே வந்தது. யூனியன் பிரதேசச் சட்டங்கள் திருத்த மசோதா, 2024. புதுச்சேரி, டெல்லி, ஜம்மு காஷ்மீர் சட்டமன்றங்களின் ஆயுளை மக்களவைத் தேர்தலோடு சேர்த்துக் கட்டுவது அதுதான். இரண்டும் கூட்டுக்குழுவுக்கு அனுப்பப்பட்டன.

முதல் மசோதா நிறைவேற வேண்டுமென்றால் விதிப்படி டிவிஷன் நடந்தே ஆக வேண்டும், ஒவ்வொரு பெயரும் பதிவாகும். நம்ம சட்டமன்றத்தை மாற்றும் இரண்டாவது மசோதாவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, ஒரு ஆம் ஒரு இல்லையில் முடித்துவிடலாம். யாராவது ஓர் உறுப்பினர் எழுந்து டிவிஷன் வேண்டும் என்று கேட்டால் ஒழிய.